நடிப்புத் தம்பதிக்கும் ஊடல் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

பழைய காலத்துக் கல்யாணக் கதைகளைப் பற்றியும் அவற்றில் வரும் பொறாமைச் சண்டைகளைப் பற்றியும் இம்முறை பல கடிதங்கள் ஒன்றாக வந்து சேர்ந்திருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: அப்பாயியுடன் உட்கார்ந்து 'மிஸ்ஸியம்மா' படம் பார்த்தேன். அவர் காட்சிக்குக் காட்சி சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஓர் ஐயம். மேரி, பாலுவின் மனைவியே அல்ல. வேலைக்காக அப்படி நடிக்கிறாள். அவனைக் கண்டாலே சீறி விழுகிறாள். அப்படிப்பட்டவளுக்கு, அவன் இன்னொரு பெண்ணோடு பேசினால் எதற்காக எரிய வேண்டும்? இது கதாசிரியர் தமது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுதானே? – ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்றால், அந்தப் படத்தில் அது ஒன்றுதான் அப்படி அல்லாதது என்று சொல்வேன். படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையில்லாத பட்டதாரிகள் இருவர். ஒருவன் இந்து, மற்றவள் கிறிஸ்தவப் பெண். ஒரு ஜமீன்தார் தமது பள்ளிக்கூடத்துக்குக் கணவனும் மனைவியுமாக இரண்டு ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் செய்கிறார். அவளுக்குக் கடன் கொடுத்தவன், கடனைக் காட்டி அவளைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். வேறு வழியில்லாமல் இருவரும் தம்பதி என்று பொய் சொல்லி வேலையில் சேருகிறார்கள். ஜமீன்தாரின் மகள் சீதாவுடன் பாலு நெருங்கிப் பழகத் தொடங்கியதும் மேரியின் மனம் கலங்குகிறது. எல். வி. பிரசாத் இயக்கத்தில், விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்து 1955 ஜனவரியில் வெளியிட்ட படம் இது; இதன் வேர் வங்காளத்தில் புகழ்பெற்றிருந்த ஒரு நாடகத்தில் இருக்கிறது.

இப்போது உங்கள் ஐயத்துக்கு வருவோம். உண்மையான மனைவிக்குப் பொறாமை வந்தால் அவள் கேட்டுவிடலாம். கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது, ஊரும் அவள் பக்கம் நிற்கும். மேரியால் கேட்க முடியாது. 'நீ யார் என்னைக் கேட்பதற்கு?' என்று அவன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அதேவேளை, ஊரார் பார்வையில் அவள் மனைவி என்பதால், கேட்காமல் இருந்தாலும் வேடம் கலைந்துவிடும். கணவன் இன்னொருத்தியோடு சிரித்துப் பேசும்போது சும்மா இருக்கும் மனைவியை யார் நம்புவார்கள்? ஆகவே அவள் மனைவியாக நடிப்பதற்காகக் கோபிக்கிறாளா, உண்மையிலேயே கோபிக்கிறாளா என்பது பாலுவுக்கும் தெரியாது, சற்று நேரத்துக்கு அவளுக்கே தெரியாது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் சிரிப்பு பிறக்கிறது. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று எந்த வசனமும் நமக்குச் சொல்லவில்லை. உரிமையில்லாத இடத்தில் அவள் உரிமை கொண்டாடும்போது நாமே அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறோம். அதைப் பார்வையாளரிடம் விட்டுவிட்டதுதான் அந்தப் படத்தின் கெட்டித்தனம். நிலவைப் பார்த்து இருவரும் ஒருவர்மீது ஒருவர் குறை சொல்லும் பாட்டை ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியிருக்கிறார்கள், இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், கணவன் மனைவி அல்லாத இருவருக்கு எவ்வளவு கச்சிதமான கணவன் மனைவிச் சண்டை அது என்பது விளங்கும்.

எனக்கு அந்தப் படத்தில் பிடிக்காதது முடிவுதான். மேரி, ஜமீன்தார் சிறு வயதில் தொலைத்த மூத்த மகள் என்று தெரியவருகிறது. இரு மதத்தார் மணம் செய்வதா என்ற கேள்வியை இரண்டரை மணி நேரம் வளர்த்துவிட்டு, அவள் பிறப்பால் வேறு மதத்தவளே அல்ல என்று சொல்லி அந்தக் கேள்வியையே இல்லாமற் செய்துவிடுகிறார்கள். அது 1955ஆம் ஆண்டின் துணிவின் எல்லை. நீங்கள் குறிப்பிட்ட பொறாமையை விட இதுவே வசதிக்காகச் செய்த ஏற்பாடு.

*

கேள்வி: அந்தப் படத்தில் நடித்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது உண்மையில் கணவன் மனைவியா? – ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: ஆம். அவர்கள் 1952இல் மணம் செய்துகொண்டார்கள். அதைச் சில ஆண்டுகள் வெளியில் சொல்லவில்லை. மணமாகாத இருவர் மணமானவர்களைப் போல் ஊரை நம்பவைக்கும் கதையில், மணமானதை ஊருக்கு மறைத்த இருவர் நடித்திருக்கிறார்கள். ஜெமினி கணேசனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார் என்பதால் அந்த நிஜக் கதையில் பொறாமை வேடிக்கையாக இருந்திருக்காது.

*

கேள்வி: பொறாமையை வைத்துச் சிரிக்கவைப்பது சினிமா கொண்டுவந்த பழக்கமா, நம் பழைய இலக்கியத்திலும் உண்டா? – ஒரு மாணவி, பேராதனை

பதில்: திருக்குறளின் 132ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தைத் திறந்து பாருங்கள். கணவன் தும்முகிறான், மனைவி வழக்கப்படி வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாய் மூடுமுன்னே, 'யார் உம்மை நினைத்ததால் தும்மினீர்?' என்று அழுகிறாள். அடுத்த முறை தும்மல் வரும்போது அவன் அடக்கிக்கொள்கிறான். 'உமக்கு வேண்டியவர்கள் உம்மை நினைப்பதை எனக்கு மறைக்கப் பார்க்கிறீரா?' என்று அதற்கும் அழுகிறாள். 'எல்லாரையும் விட உன்மேல் எனக்கு அன்பு அதிகம்' என்று சொன்னால், 'எல்லாரும் என்றால் யார் யார்?' என்று கேட்கிறாள். 'உன்னை நினைத்தேன்' என்றால், 'அப்படியானால் இடையில் மறந்திருந்தீர்' என்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்குத் தப்ப வழியில்லை. அத்தனை குறளும் ஒரு நகைச்சுவைப் படத்தின் காட்சிகளாக அப்படியே வரிசையில் நிற்கின்றன.

இதில் நான் முக்கியமாக நினைப்பது, வள்ளுவர் இந்த அதிகாரத்தைக் களவியலில் வைக்காமல் கற்பியலில், அதாவது திருமணத்துக்குப் பின்வரும் பகுதியில் வைத்திருக்கிறார் என்பதை. கல்யாணத்தோடு கதை முடிந்துவிடுகிறது என்று நமது படங்கள் நினைக்கின்றன; அவரோ சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். எவ்வளவு ஊடலாம் என்பதற்கும் அவரே அளவு சொல்லியிருக்கிறார்: உணவில் உப்பைப் போல அளவாக இருக்க வேண்டும், நீளவிட்டால் உப்பு மிகுந்துவிடும். நகைச்சுவைப் படம் எடுப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே. ஒரு சந்தேகத்தை இரண்டு காட்சிக்கு மேல் இழுத்தால், பார்ப்பவர், 'ஒரு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?' என்று சலித்துக்கொள்வார்.

*

கேள்வி: நானும் நண்பர்களும் ஒரு குறும்படம் எடுக்க எண்ணியிருக்கிறோம். 1950ஆம் ஆண்டளவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் காதல் நகைச்சுவை. கல்யாணமும் பொறாமையும்தான் கதை. பழைய சேலை, வேட்டி, பெட்ரோமக்ஸ் விளக்கு எல்லாம் தேடி வைத்துவிட்டோம். கதைதான் இன்னும் உட்காரவில்லை. ஐயா ஒரு வழி சொல்ல வேண்டும். – ஓர் இளைஞர், தலவாக்கலை

பதில்: தம்பி, சேலையிலிருந்து தொடங்கியதால்தான் கதை உட்காரவில்லை. உடையும் விளக்கும் பார்ப்பவரை ஐந்து நிமிடத்துக்கு மகிழ்விக்கும்; அதன் பிறகு, இந்தக் கதை ஏன் இன்றைக்கு நடக்க முடியாது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். மேலே சொன்ன படத்தில், 'தம்பதிக்கு மட்டுமே வேலை' என்ற நிபந்தனை இருந்ததால்தான் பொய் அவசியமாயிற்று. பொய் அவசியமானதால்தான் பொறாமை வாயடைத்து நின்றது. உங்கள் கதைக்கும் அப்படி ஒரு நிபந்தனை வேண்டும். அதை நீங்கள் கற்பனை செய்யவே தேவையில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டே அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்துவந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது. அதற்கான காலம் இரண்டு ஆண்டுகள். 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அதற்கு மணமானவருக்கு 7 ஆண்டுகள் போதும், மணமாகாதவருக்கு 10 ஆண்டுகள் வேண்டும். இந்த ஒரு வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். கல்யாணம் ஆனதா இல்லையா என்பது, ஒரு குடும்பத்தின் விடயம் என்பதிலிருந்து கொழும்பு அலுவலகத்துக் கோப்பின் விடயமாக மாறிய காலம் அது.

தோட்டத்தில் அன்று கல்யாணம் பெரும்பாலும் மாரியம்மன் கோயில் முன்றலிலோ, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வாசலிலோ உறவினர் முன்னிலையில் தாலி கட்டுவதோடு நிறைவடைந்தது. பதிவாளரிடம் போனவர்கள் குறைவு. கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி தப்படித்தவரும் பந்தியில் சாப்பிட்டவர்களும்தான். இனிக் கதையைக் கட்டிப் பாருங்கள். ஊரறியத் தாலி கட்டி வாழும் ஒரு தம்பதியிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், பெரிய கிளாக்கர் செய்த ஒரு பிழையால், அந்த மனைவியின் பெயர் பக்கத்துக் காம்பரா வாலிபனின் பெயருக்கு எதிரே, 'மனைவி' என்று விழுந்திருக்கிறது. விசாரணைக்கு வரும் அதிகாரி தாளில் இருப்பதைத்தான் நம்புவார். கிளாக்கர் தமது பிழையை ஒத்துக்கொள்ளப் போவதில்லை. பிழையைத் திருத்தும் வரைக்கும், தாளில் கணவனாக இருப்பவனும் தாலி கட்டிய கணவனும் தினமும் காலையில் பெயர் கூப்பிடும் ஒரே பெரட்டில் நிற்க வேண்டும். அதிகாரி வரும் நாளில் தாளில் உள்ள கணவனுக்கு அந்தப் பெண் தேநீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உண்மைக் கணவன் பக்கத்தில் நின்று, 'மாமன் மச்சான் முறை' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். தேநீரில் சீனி அதிகமாக இருந்தாலே அவனுக்குத் தாங்காது. அந்த வாலிபனுக்கு என்று நிச்சயிக்கப்பட்ட பெண் ஒருத்தி அடுத்த லயத்தில் இருந்துவிட்டால் பொறாமை இரு பக்கமும் சரிசமமாகப் போகும்.

இடத்தையும் பயன்படுத்துங்கள். லயத்துக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது சிறு தாழ்வாரம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் கணவனும் மனைவியும் சண்டை போட வேண்டுமானால் தணிந்த குரலில்தான் போட முடியும். கோபத்தின் உச்சத்திலும் காதோடு பேசிக்கொள்ளும் தம்பதியை விடச் சிரிப்பூட்டும் காட்சி ஏது? உரத்துப் பேச வேண்டுமென்றால் கொழுந்து மலைக்குப் போக வேண்டும். அங்கே கங்காணி நிற்பார். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கும் பெண்களின் வாயில் விழுந்த செய்தி எந்தத் தந்தியையும் முந்திவிடும். லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் ஒரு கிழவியை உட்காரவைத்தால் உங்களுக்குத் தனியாகத் துப்பறிபவர் வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றார்கள். அதனால் உங்கள் படத்தில் சிரிப்பு, தாளைக் கையில் வைத்திருப்பவர்களை நோக்கிப் போக வேண்டும். தாளில்லாமல் தவிப்பவர்களை நோக்கிப் போகக் கூடாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளின் வதிவிடம் பற்றியும் நிபந்தனைகள் இருப்பதால், முழுச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள். வழக்கறிஞர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. இரண்டாவது, சிறு பிழைகள். தமிழ்நாட்டுப் பழைய படங்களைப் பார்த்து, 'எட்டணா கொடு' என்று வசனம் எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் 1957 வரை அணா இருந்தது; இலங்கையிலோ 19ஆம் நூற்றாண்டிலேயே ரூபாயும் சதமும் வந்துவிட்டன. துரை பங்களாவில் உள்ளவர் பெரும்பாலும் வெள்ளைக்காரராகவே இருப்பார்; தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான்.

*

கேள்வி: காமன் கூத்தை அப்படி ஒரு படத்தில் காட்டலாமா? ரதியாக வேடம் கட்டிய ஆணைப் பார்த்து அவன் மனைவி பொறாமைப்படுவதாக என் மனத்தில் ஒரு காட்சி ஓடுகிறது. – ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: காட்சி நன்றாக இருக்கிறது. மாசி மாதத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கும் அந்தக் கூத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணமே நடக்கிறது. ஊரே இரண்டு வீட்டாராகப் பிரிந்து நிற்கும் அளவுக்கு அது மெய்யாகிவிடுகிறது. இரண்டு வேடத்தையும் ஆண்களே கட்டுவது மரபு என்பதால், தன் கணவன் இன்னோர் ஆணுக்குப் பெண்டாட்டியாக மாலை மாற்றிக்கொள்வதை வாசலில் நின்று பார்க்கும் மனைவிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாது. ஆனால் ஒன்று: வேடம் கட்டுபவர்கள் விரதமிருந்து, நேர்ந்துகொண்டு ஆடுகிறார்கள். சிவன் எரித்த மன்மதனுக்காக ரதி புலம்பும் இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களும் அழுவார்கள். ஆகவே மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவையுங்கள். கூத்தைக் கேலி செய்ய வேண்டாம். ரதியின் புலம்பல் தொடங்கும்போது அந்த மனைவியின் பொறாமையும் அடங்கிப்போவதாக வைத்தால் காட்சி இன்னும் ஆழமாகும்.

*

கேள்வி: பழைய நகைச்சுவைப் படங்களில், சந்தேகப்பட்ட கணவன் மனைவியை ஓர் அறை அறைந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. அந்தக் காலத்துக் கதை என்பதால் அதையும் காட்டலாமா? – ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: அடி நடந்தது என்று காட்டலாம், அடியால் சரியாகிவிட்டது என்று காட்டக் கூடாது. மனைவியின் கன்னத்தில் அறை விழுந்த மறுகணம் அவளைச் சிரிக்கவைத்து அணைத்துக்கொள்ளச் செய்த இயக்குநர்கள் பலர். அந்த இடத்தில் நகைச்சுவை செத்துப்போய்விட்டது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. நமது நாட்டில் 2005ஆம் ஆண்டிலேயே வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவர்கள் அதற்குப் பின் வாழ்கிறவர்கள். ஊடலில் இருவரும் சமமாக நின்று சொல்லுக்குச் சொல் கொடுக்கிறார்கள். ஒருவர் கை ஓங்கிய பின் மற்றவர் பேச்சு அச்சத்தில் வருவது. அதைக் கேட்டு யாரால் சிரிக்க முடியும்?

*

கேள்வி: மலையகத்தைப் பற்றி இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களில் இப்படி ஒரு கல்யாண நகைச்சுவை உண்டா? – ஒரு வாசகர், பதுளை

பதில்: 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' வந்தது. இரண்டுமே தோட்டத்து மக்களின் துன்பத்தைச் சொல்ல வந்தவை. சொல்ல வேண்டிய காலத்தில்தான் சொன்னார்கள். அதன் பிறகும், மலையகம் என்றால் கண்ணீர்தான் என்று நாமே பழகிவிட்டோம். வெளியூரார் வந்து நமது மலையில் பாட்டெடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் தேயிலைச் செடி இருக்கிறது, கொழுந்து பறிப்பவளின் வாய்த்துடுக்கு இல்லை. பெரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் நடக்கும் கேலியைக் கேட்டு வளர்ந்த எவரும், எங்களுக்கு நகைச்சுவை வராது என்று சொல்ல மாட்டார்.

*

கேள்வி: தலவாக்கலை நண்பர்களின் படத்தில் நானும் வேலை செய்கிறேன். பாட்டு எங்கே தேடுவது? 'மிஸ்ஸியம்மா'வின் நிலாப் பாட்டை வானொலியில் ஒலிக்கவிடலாமா? – ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: உங்கள் கதை 1950இல் நடக்கிறது, அந்தப் பாட்டு 1955இல் வந்தது, ஆகவே கூடாது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது என்பதால், அதன் தொடக்க நாட்களைக் காட்டுவதற்கு உங்களுக்கு இடமிருக்கிறது. கணக்கப்பிள்ளை வீட்டு இஸ்தோப்பில் ஒரு வானொலிப் பெட்டி, அதைச் சுற்றி அரை லயம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒலிப்பது 1950க்கு முந்திய படப்பாட்டாக இருக்கட்டும், உரிமையாளரிடம் அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் வானொலி அல்ல. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு மேல் உங்கள் தோட்டத்து முதியவர்களிடம் கேளுங்கள். மாமன் மச்சான் கேலியும், கங்காணியை ஏசும் வரியும், வேறொருத்தி பக்கம் பார்வை போனவனைக் குத்திக்காட்டும் அடியும் அவர்கள் நினைவில் இருக்கும். நாற்றுமேடையிலோ கொழுந்து நிரையிலோ ஒருத்தி ஓரடி எடுத்துவிட, அடுத்த நிரையிலிருந்து மற்றவள் மறுஅடி கொடுப்பதாக வையுங்கள். செக்ரோல் மனைவியும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் நேருக்கு நேர் ஒரு சொல்லும் பேசாமல், பாட்டிலேயே முழுச் சண்டையையும் போட்டுத் தீர்த்துவிடலாம். பாடுபவர்கள் பாடகிகளாக இருக்க வேண்டாம். மூச்சு வாங்கப் பாடினால் போதும், மலையேறிக்கொண்டு பாடுகிறார்கள் அல்லவா?